ஹைட்ரஜன் கார் வாங்குவதற்கு முன் யாரிடம் என்ன கேட்க வேண்டும்

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "பழைய மிராய் பத்தாயிரம் டாலர் சுத்தி கிடைக்குதாமே, வாங்கலாமா?" மிராய் என்பது டொயோட்டாவின் ஹைட்ரஜன் கார். கேட்டு முடிப்பதற்குள் ஆளுக்கொரு பதில் வந்துவிடும். வெடிக்கும் என்பார் ஒருவர். பங்க்கே இல்லை என்பார் இன்னொருவர். தன் ஆபீஸில் ஒருத்தர் வைத்திருக்கிறார், ஓஹோ என்று ஓட்டுகிறார் என்று சொல்ல ஒருவர் இருப்பார். வீட்டில் சார்ஜர் போட்டு எலக்ட்ரிக் கார் ஓட்டுபவர், அதெல்லாம் முடிந்துபோன கதை என்பார். கேட்டவர் முன்பைவிடக் குழம்பிப் போய் வீடு திரும்புவார்.

நான் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். ஆபீஸ் சன்னிவேலில். இரண்டாம் தலைமுறை மிராய் ஓட்டுகிறேன். வீட்டில் என் கணவருக்கு ஒரு பெட்ரோல் ஹைப்ரிட் இருக்கிறது. ஹைட்ரஜன் நன்றாக வர வேண்டும் என்று மனதார நினைப்பவள். அதனாலேயே, யாரும் அரைகுறைத் தகவலோடு இந்தக் காரை வாங்கிக் கஷ்டப்படக் கூடாது என்பதில் எனக்கு அக்கறை அதிகம். மேலே சொன்ன நால்வர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். யார் பேச்சை எதற்கு எடுத்துக்கொள்வது, எதை நீங்களே போய்ப் பார்த்துவிடுவது என்பதைத்தான் கீழே எழுதுகிறேன். எல்லாம் கலிஃபோர்னியாவுக்கு மட்டும். அமெரிக்காவில் ஹவாயை விட்டால் இந்தக் கார் விற்பனைக்கு வந்த மாநிலம் இது ஒன்றுதான்.

எந்த வருடத்துக் கருத்து என்று கேளுங்கள்

யார் கருத்துச் சொன்னாலும் முதலில் ஒரு கேள்வி: "நீங்க எந்த வருஷம் வாங்கினீங்க?" இது மிக முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

மிராய் கலிஃபோர்னியாவுக்கு வந்தது 2015 கடைசியில். அதற்கு முந்தைய வருடமே ஹூண்டாய் டூசான் ஹைட்ரஜன் காரை லீஸுக்கு விட ஆரம்பித்திருந்தது. அப்புறம் ஹோண்டா கிளாரிட்டி, ஹூண்டாய் நெக்ஸோ. அரசும் பின்னால் நின்றது. 2013-இல் போட்ட சட்டம், 100 பங்க் வரும்வரை வருடத்துக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்கச் சொன்னது. 2018-இல் அன்றைய ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 2025-க்குள் 200 பங்க் என்று உத்தரவு போட்டார். அந்த நம்பிக்கையில் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். டொயோட்டா புதுக் காரோடு 15,000 டாலர் எரிபொருள் கார்டும் கொடுத்தது. கிலோ ஹைட்ரஜன் 13 முதல் 16 டாலர் என்று இருந்த காலம் அது. கார்டு தீரும்வரை கையிலிருந்து ஒரு காசு போகாது. அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டால் முகம் மலர்ந்துதான் சொல்வார்கள், சொல்வதும் நிஜம்.

பிறகு நடந்தது வேறு. 100 பங்க் என்ற இலக்கில் கிட்டத்தட்டப் பாதிதான் திறந்தது. 2021-இல் ஹோண்டா கிளாரிட்டியை நிறுத்தியது. 2023-இல் ட்ரூ ஸீரோ என்ற நிறுவனத்தின் ஹைட்ரஜன் பங்க்குகளில் விலை கிலோ 36 டாலருக்கு ஏறியது. 2024 பிப்ரவரியில் ஷெல் தன்னுடைய கார் ஹைட்ரஜன் பங்க்குகள் எல்லாவற்றையும் இங்கே மூடிவிட்டது. அதே வருடம் டொயோட்டா மேல் மிராய் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். புது மிராய் ஒன்றுக்கு 40,000 டாலர் வரை தள்ளுபடி கொடுத்து விற்றதும் அந்தச் சமயத்தில்தான். உங்கள் கண்ணில் படுகிற மலிவு விளம்பரங்களுக்குக் காரணம் இதுதான். கார் கெட்டுப்போய் விலை விழவில்லை. பங்க் மேல் இருந்த நம்பிக்கை விழுந்தது, அதோடு விலையும் விழுந்தது.

ஆக, 2021-இல் வாங்கியவரும் 2023-இல் வாங்கியவரும் ஒரே காரை ஓட்டுவார்கள். சொல்லும் கதை இரண்டாக இருக்கும். வருடத்தைக் கேட்காமல் கருத்தை மட்டும் கேட்டால் ஒன்றுக்கும் உதவாது.

பயத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

வெடிக்கும் என்ற பயம் எனக்குத் தெரிந்து காரை ஓட்டாதவர்களிடம்தான் அதிகம். அதற்காக அதைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் பின் சீட்டில் உட்கார வேண்டும், குழந்தைகள் உட்கார வேண்டும். அவர்கள் கேட்பதற்கு நேரான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தபோது காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டி, சிலிண்டர் எங்க இருக்கு?" மூன்று டேங்க், ஒன்று காரின் நடுவில் நீளவாக்கில், ஒன்று பின் சீட்டுக்கு அடியில், ஒன்று அதற்கும் பின்னால் என்றேன். "அப்ப அது மேலதான் உக்காரணுமா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள் பாருங்கள் ஒரு கேள்வி, விற்பனை செய்கிற பையன்கூட எனக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை. "லீக் ஆனா வாடை வருமா?"

வராது. சமையல் காஸில் வாடைக்காக ஒரு பொருளைக் கலக்கிறார்கள். கார் ஹைட்ரஜனில் அப்படிக் கலந்தால், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃப்யூயல் செல் கெட்டுப்போகும். ஹைட்ரஜனுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. எரிந்தால் பகல் வெளிச்சத்தில் சுடர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குப் பதிலாகக் காரில் சென்சார்கள் இருக்கின்றன. கசிவோ மோதலோ தெரிந்தால் டேங்க் வால்வுகள் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் தீப்பிடித்துச் சூடேறினால் டேங்க் வெடிக்கவிடாமல் உள்ளே இருக்கும் வாயுவை ஒரு வால்வு வேகமாக வெளியே விட்டுவிடும். ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசு. திறந்த வெளியில் நிமிடத்தில் மேலே போய்விடும். பெட்ரோல் போலத் தரையில் தேங்கி நிற்காது. இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னேன். உடனே சமாதானம் ஆகிவிடவில்லை. ஆனால் மறுநாள் கோவிலுக்குப் போகும்போது பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நின்றதும், ஃப்யூயல் செல்லில் உண்டாகும் தண்ணீரை வெளியே விடும் எச்2ஓ பட்டனை அழுத்தினேன். அடியிலிருந்து தண்ணீர் சொட்டியதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதான் புகையா?" என்றாள்.

பயத்துக்குப் பின்னால் நிஜ விபத்துகளும் இருக்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2019 மே மாதம் தென்கொரியாவில் காங்னங் என்ற ஊரில் ஓர் ஆராய்ச்சி வளாகத்து ஹைட்ரஜன் சேமிப்புத் தொட்டி வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூன் 1-ஆம் தேதி நம் சான்டா கிளாராவில், டேங்கர் லாரிகளுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் இடத்தில் கசிந்து வெடித்தது. ஜூன் 10-ஆம் தேதி நார்வேயில் சாண்ட்விகா என்ற இடத்துப் பங்க் வெடித்தது. உயர் அழுத்தத் தொட்டி ஒன்றில் போல்ட்டுகளைச் சரியாக முடுக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மூன்றிலும் வெடித்தது காரில் இருக்கும் டேங்க் இல்லை. தயாரித்து, சேமித்து, ஏற்றி இறக்கும் இடங்கள். அதனால் பயப்படுகிறவரிடம் நான் சொல்வது: காருக்குள் உட்கார்ந்திருப்பதைப் பற்றிக் கவலை குறையட்டும், பங்க்கை நடத்துகிறவர் ஒழுங்காகப் பராமரிக்கிறாரா என்ற கேள்வி மட்டும் நிற்கட்டும். 1937-இல் எரிந்த ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலை யாராவது இழுத்தால், அது துணி உறைக்குள் அழுத்தமே இல்லாமல் அடைத்திருந்த வாயு, இது கார்பன் ஃபைபர் சுற்றிய டேங்க், இரண்டும் வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

சான்டா கிளாரா விபத்தில் இன்னொரு பாடமும் உண்டு. யாருக்கும் பெரிய காயம் இல்லை. ஆனால் பே ஏரியா பங்க்குகளுக்கு வரத்து நின்றுபோய், கார் வைத்திருந்தவர்கள் பல வாரம் தவித்தார்கள். வெடியைவிட வறட்சிதான் இந்தக் காரின் நிஜப் பிரச்சினை. அதற்கு அடுத்து வருவோம்.

பங்க்கில் போய் நில்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். விளம்பரம் பார்ப்பதற்கு முன்னால், டீலரிடம் போவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பங்க்குக்குப் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். சனிக்கிழமை காலை ஒரு தடவை, வேலைநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை. கையில் காபியோடு நின்றால் போதும், ஆட்கள் தாமாகப் பேசுவார்கள். ஹைட்ரஜன் கார் ஓட்டுகிறவர்களுக்குப் பேச ஆள் கிடைத்தால் ரொம்பப் பிடிக்கும்.

என்ன பார்க்க வேண்டும்? பம்ப் வேலை செய்கிறதா என்பது முதல் விஷயம். வேலை செய்தால், நிரப்புவதை உன்னிப்பாகப் பாருங்கள். நாஸிலைக் காரின் வாயில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் வாயு வராது. பிறகு பம்ப்பும் காரும் தங்களுக்குள் இன்ஃப்ராரெட் மூலம் பேசிக்கொள்ளும்: டேங்க் எவ்வளவு சூடாக இருக்கிறது, அழுத்தம் எவ்வளவு என்று. ஒரு சின்ன 'புஸ்', அப்புறம் சீராக ஓடும். எல்லாம் சரியாக இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் டேங்க் நிறைந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துத்தான் நானும் மயங்கினேன், இன்றைக்கும் அது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் 700 பார் அழுத்தத்தில் வேகமாக அடைக்கும்போது வாயு சூடேறும். அதற்காக மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்து அனுப்புகிறார்கள். நாஸில் மேல் வெண்பனி படியும். ஈரப்பதம் உள்ள நாளில், அதுவும் நாலைந்து கார் வரிசையாக நிரப்பிப் போன பிறகு, நாஸில் காரோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். நிரப்பியாயிற்று, பணமும் போயிற்று, நாஸில் மட்டும் வராது. புதியவர்கள் பதறி முறுக்குவார்கள். பழகியவர்கள் ஒரு துணியைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள், சில நிமிடத்தில் இளகிக் கழன்றுவிடும். நீங்கள் நிற்கும் ஒரு மணி நேரத்தில் இதைப் பார்த்தால் நல்லது. வாங்கிய பிறகு முதல் தடவையாகப் பார்ப்பதைவிட மேல்.

இன்னொன்று, வரிசை. பங்க்கில் இருக்கும் கம்ப்ரஸர் அடுத்தடுத்து கார்கள் வந்தால் திணறும். முதல் இரண்டு பேருக்கு முழுசாக ஏறும், மூன்றாமவருக்குப் பாதியில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் அழுத்தம் திரும்ப ஏறும். அதனால் வரிசையில் எத்தனை கார் என்பதைவிட, கடைசியாக நிரப்பியவருக்கு முழுசாக ஏறியதா என்று கேட்பதுதான் வழக்கம். தெரியாதவர்கள்கூட இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

சரி, ஓட்டுகிறவர்களிடம் என்ன கேட்பது? "கார் நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள், ஏனென்றால் நிஜமாகவே நல்ல கார். சத்தமே கிடையாது, சீட்டு சுகம், எலக்ட்ரிக் மோட்டாரின் இழுவை. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள். போன தடவை இங்கே வந்து நிரப்ப முடியாமல் போனபோது எந்தப் பங்க்குக்குப் போனீர்கள்? டேங்க் எவ்வளவு குறைந்தால் நிரப்ப வருவீர்கள்? எரிபொருள் கார்டில் எவ்வளவு மீதி? கார்டு தீர்ந்தால் என்ன செய்யப் போகிறீர்கள்? கார்டு பற்றிய கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் நிரப்ப வரும் ஒரு ஃபிலிப்பினோ நர்ஸ் எனக்குப் பங்க்கில் பழக்கம். அந்த நேரத்தில் வரிசையும் கிடையாது, அழுத்தமும் முழுசாக இருக்கும் என்பது அவர் கண்டுபிடித்த வழி. இந்தக் கார் பிடிக்குமா என்று கேட்டேன். உயிர் என்றார். உங்கள் தங்கைக்கு வாங்கிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். உடனே, "அவள் மத்தியப் பள்ளத்தாக்குப் பக்கம் இருக்கிறாள், வேண்டவே வேண்டாம்" என்றார். அதற்கப்புறம் நான் எல்லோரிடமும் இந்தத் தங்கைக் கேள்வியைக் கேட்கிறேன். தனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் காரைப் பற்றிச் சொல்வார்கள். தங்கைக்கு வாங்குவீர்களா என்றால் பங்க்கைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள்.

வீட்டிலிருந்தும் ஒரு வேலை செய்யலாம். ஹைட்ரஜன் ஃப்யூயல் செல் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பு, எந்தப் பங்க் திறந்திருக்கிறது, எதில் எத்தனை கிலோ இருக்கிறது என்று இணையத்தில் நிலவர வரைபடம் வைத்திருக்கிறது. உங்கள் வழியில் வரும் மூன்று பங்க்குகளைக் குறித்துக்கொண்டு இரண்டு வாரம் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதி வையுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் சிவப்பாக இருந்த நாள் உண்டா என்று பாருங்கள். உண்டு என்றால், அந்த நாள் ஆபீஸுக்கு எப்படிப் போயிருப்பீர்கள்? அதற்குப் பதில் இருந்தால் மேலே படியுங்கள்.

கணக்கு

மிராய் டேங்க் 5.6 கிலோ கொள்ளும். 36 டாலர் விலையில் முழு டேங்க் 200 டாலர். அரசு சோதனைப்படி எக்ஸ்எல்இ மாடல் 402 மைல் போகும், அதாவது கிலோவுக்குக் கிட்டத்தட்ட 72 மைல். ஃப்ரீவே வேகத்தில், ஏசி போட்டுக்கொண்டு, அவ்வளவு வராது. கிலோவுக்கு 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலுக்கு 60 சென்ட். கேலனுக்கு 40 மைல் கொடுக்கும் ஹைப்ரிட், பெட்ரோல் 5 டாலர் விற்றாலும் 12-13 சென்ட்தான்.

இப்போது கார்டைப் பாருங்கள். 15,000 டாலர், கிலோ 16 என்றால் 930 கிலோவுக்கு மேல் வரும், ஐம்பத்தைந்தாயிரம் மைல் ஓட்டலாம். கிலோ 36 என்றால் 416 கிலோ, இருபத்தைந்தாயிரம் மைல். வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம் மைல் ஓட்டுபவருக்கு முன்பு நாலரை வருடம் வந்த கார்டு இப்போது இரண்டு வருடத்தில் காலி. மக்கள் மனசு மாறியதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும்.

கார்டு இல்லாமல் பழைய மிராய் வாங்குவதாக இருந்தால், மாதம் எத்தனை மைல் ஓட்டுவீர்களோ அதை 60 சென்ட்டால் பெருக்கி, காரின் மாதத் தவணையோடு சேர்த்துப் பாருங்கள். பத்தாயிரம் டாலர் கார் மலிவாகத் தெரிவது அந்தக் கூட்டலுக்கு முன்னால்தான்.

பசுமை வாதத்தை எப்படி எடுத்துக்கொள்வது

எலக்ட்ரிக் கார் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அதை அழுத்தவும் குளிர்விக்கவும் மேலும் ஆகும். அந்த ஒரு கிலோவில் மிராய் 60-70 மைல் போகும். அதே 55 யூனிட்டை நேராக பேட்டரியில் ஏற்றினால் நல்ல எலக்ட்ரிக் கார் 180 மைலுக்கு மேல் போகும். தவிர, உலகத்தில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இன்றும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. கலிஃபோர்னியாவில் அரசுப் பணம் பெற்ற பங்க்குகளில் மூன்றில் ஒரு பங்காவது புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வர வேண்டும் என்று 2006-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அவ்வளவுதான் உறுதி.

அப்படியென்றால் எதற்கு ஹைட்ரஜன்? வீட்டில் சார்ஜர் போட முடிந்தவர்களுக்கு நான் ஹைட்ரஜன் காரைச் சிபாரிசு செய்வதில்லை. பேட்டரி கார் வாங்குங்கள். நான் பங்க்கில் சந்திப்பவர்களில் நிறையப் பேர் அபார்ட்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். கார் நிறுத்தும் இடத்தில் ப்ளக் கிடையாது, கேட்டால் அசோசியேஷன் தராது. புகையும் வேண்டாம், பொதுச் சார்ஜரில் முக்கால் மணி நேரம் காத்திருக்கவும் முடியாது என்பவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் நிரப்பும் கார் பெரிய விஷயம். இந்தக் கூட்டத்தை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு வருத்தம். ஹோண்டா 2024-இல் லீஸுக்கு விட்ட சிஆர்-வி ஹைட்ரஜன் காரில் ஒரு சின்ன பேட்டரியும் உண்டு, வீட்டில் ப்ளக்கில் போட்டால் 29 மைல் மின்சாரத்திலேயே ஓடும். பங்க் மூடியிருந்தாலும் வீட்டுக்கு வந்துசேரலாம். மக்கள் நம்பிக்கையை எங்கே இழந்தார்கள் என்று புரிந்துகொண்டு செய்த கார் அது என்பது என் எண்ணம்.

ஜப்பானில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னார், கொரியாவில் நெக்ஸோ நிறைய ஓடுகிறது, 2022-இல் நிதின் கட்கரியே மிராயில் நாடாளுமன்றத்துக்குப் போனார் என்று யாராவது சொன்னால் மகிழ்ச்சியோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஃப்ரீமாண்ட் பங்க்கில் நாளைக்கு ஹைட்ரஜன் இருக்குமா என்பதற்கு அது பதில் ஆகாது.

வீட்டில் பேசுவது

ஒருவர் மட்டும் ஆசைப்பட்டு வாங்கும் கார் இல்லை இது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, போன வருடம் காரில் எங்கெங்கே போனீர்கள் என்று எழுதுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் போகலாம், ஆனால் ஐ-5 பாதையில் நடுவே நம்பி நிற்பது கோலிங்காவில் ஹாரிஸ் ராஞ்ச் பங்க்கைத்தான். அது வேலை செய்யாத நாளில் கிளம்பக் கூடாது. யோசமிட்டி ஃப்ரீமாண்ட்டிலிருந்து போக மட்டும் 170 மைல் சுமார், மலையேற்றம் வேறு, அங்கே நிரப்ப இடமில்லை. லாஸ் வேகாஸ் முடியவே முடியாது. ஆக, வீட்டில் இன்னொரு கார் கட்டாயம் வேண்டும். ஒரே கார் வைத்திருக்கும் குடும்பம் என்றால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து மாதக்கணக்கில் இருப்பார்கள் என்றால் இடத்தையும் பாருங்கள். மிராய் வெளியே பெரிய கார், உள்ளே அப்படி இல்லை. டேங்க்குகள் எடுத்துக்கொண்டது போக டிக்கியில் இரண்டு பெரிய பெட்டி வைப்பதே சிரமம். விமான நிலையத்துக்கு நாங்கள் ஹைப்ரிட்டில்தான் போகிறோம்.

விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை

விற்பவர் சொல்லும் கருத்துக்கு மதிப்பு இல்லை, அவர் எழுதிக் கொடுப்பதற்கு மட்டும்தான் மதிப்பு. எரிபொருள் கார்டு இந்தக் காரோடு வருகிறதா, எவ்வளவு, எந்தத் தேதி வரை, உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுதி வாங்குங்கள். முதல் உரிமையாளரின் கார்டு உங்களுக்கு வரும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஃப்யூயல் செல் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 100,000 மைல் உத்தரவாதம் உண்டு. கார் முதலில் விற்ற தேதியைக் கேட்டு, மீதி எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். நிரப்பும் வாயின் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். டேங்க்குகளுக்கு ஆயுள் 15 வருடம். அந்தத் தேதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். ஹைட்ரஜன் கார் பார்க்கத் தெரிந்த சர்வீஸ் சென்டர் எல்லா டீலரிடமும் இல்லை, உங்களுக்குப் பக்கத்தில் எது என்று கேளுங்கள். கார்பூல் லேனில் தனியாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை, புகையில்லாத கார்களுக்குக் கொடுத்த கார்பூல் ஸ்டிக்கர் சலுகை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

திரும்ப விற்கும்போது என்ன கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஒன்றும் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

வாங்கியாயிற்று என்றால்

இனி உங்களிடம் மற்றவர்கள் கேட்பார்கள். சூப்பர் என்றோ மோசம் என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிடாதீர்கள். எந்த மாதம், எந்தப் பங்க், என்ன விலை, முழுசாக ஏறியதா என்று சொல்லுங்கள். வண்டி நன்றாக ஓடுவதையும் சொல்லுங்கள், நிரப்ப முடியாமல் திரும்பி வந்த நாட்களையும் சொல்லுங்கள். பம்ப் மேல் உதவி எண் ஒட்டியிருப்பார்கள். நாஸில் பூட்டாமல் போனாலோ பாதியில் நின்றாலோ அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், பின்னால் நிற்பவர் செய்வார் என்று விட்டுவிடாதீர்கள். பல பங்க்குகளில் ஆள் கிடையாது. நாம் சொல்லாவிட்டால் வரைபடத்தில் அது பச்சையாகவே இருக்கும், இன்னொருவர் பத்து மைல் ஓட்டிக்கொண்டு வந்து ஏமாந்து நிற்பார். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் நிரப்பிவிடுங்கள். கால் டேங்க் வரை போகலாம் என்ற பெட்ரோல் கார் பழக்கம் இங்கே உதவாது.